கார் பெயிண்டில் வலைக்கோடும் கீறலும்: மிஷின் பாலீஷ் பற்றி சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிழலில் பளபளவென்று இருக்கும் கார், வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வலைவலையாகத் தெரிகிறதே, அது என்ன?

பெயிண்டின் மேலே இருக்கும் கிளியர் கோட்டில், அதாவது பெயிண்டர்கள் லேக்கர் என்று சொல்லும் படலத்தில், விழுந்த மெல்லிய கீறல்கள் அவை. பார்க்க வட்டவட்டமாகத் தெரிந்தாலும், உண்மையில் அவை வட்டமாக இல்லை. குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியன்போல ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் விழும்போது, அதைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் உள்ள கீறல்கள் மட்டும் மின்னும். அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். ட்யூப் லைட்டின் வெளிச்சம் பரவி விழுவதால் அதன் கீழே ஒன்றும் தெரியாது. கறுப்பு, கருநீலம், மெரூன் கார்களில் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் சில்வரிலும் இதே அளவு கோடு இருந்தாலும் மறைந்துகொள்ளும்.

கார் வாங்கும் முன்போ, பாலீஷ் முடிந்து வண்டியை எடுக்கும் முன்போ, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். இரவாக இருந்தால் பெட்ரோல் பங்க்கின் எல்இடி விளக்குக்குக் கீழே நிறுத்தினாலும் போதும்.

தினமும் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். பிறகு எப்படி வந்தது?

பெரும்பாலும் அப்படித் துடைப்பதால்தான் வருகிறது. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கார் லேக்கர் அதன் பக்கத்தில்கூட வராது. காலையில் தண்ணீர் படாமல் மஞ்சள் துணியாலோ தூசி பிரஷ்ஷாலோ பானெட்டைத் துடைத்தால், அந்த மணலை லேக்கர் மேல் தேய்ப்பதாகத்தான் அர்த்தம். சேலத்தில் மேக்னசைட் சுரங்கப் பக்கம், கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருக்கும் பக்கம், புறவழிச்சாலை ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். வெள்ளையாகப் படியும் மேக்னசைட் தூள் தனியாகப் பார்த்தால் மிதமான கடினம்தான், ஆனால் அது ஒருபோதும் தனியாக வருவதில்லை.

அடுத்த காரணம் வாட்டர் சர்வீஸ். பத்து வண்டி துடைத்த அதே ஸ்பாஞ்ச், கீழே விழுந்து எடுத்த பனியன் வேஸ்ட், சோப்புத்தூள் கலந்த ஒரே பக்கெட் தண்ணீர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பத்து நாள் காய விட்டுச் சுரண்டுவதும் பானெட்டில் திட்டுத்திட்டாகக் கோடு போடும். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் தானாகவே கழன்று வரும்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வழிகளில் கதவோரமாகச் செடி உரசி விழும் நீளக் கோடுகளும், மலைப்பாதையில் குரங்கு ஏறிக் குதித்த நகத்தடங்களும் வேறு ரகம். அவை ஆழமானவை.

எந்தக் கீறல் பாலீஷில் போகும், எது போகாது?

மூன்று சோதனை போதும். கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் தட்டாமல் போனால் பாலீஷில் போகும். லேசாகத் தட்டினால் மங்கும், முழுதாகப் போகாது. நகம் மாட்டி நின்றால் பாலீஷை மறந்துவிடுங்கள். இரண்டாவது, கீறலைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், காயம் லேக்கரோடு நிற்கிறது. மூன்றாவது நிறம். கோட்டுக்குள் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் ப்ரைமர் வரை போய்விட்டது. வெள்ளி மின்னினாலோ துரு தெரிந்தாலோ தகடு வரை. அங்கே டச்சப் பெயிண்ட் வைப்பதுதான் வழி. தகடு தெரியும் இடத்தை மழைக்காலம் வரை விடவே கூடாது.

எதிரே வந்த வண்டியோ சுவரோ உரசி, அதன் பெயிண்ட் உங்கள் கார் மேல் ஒட்டிக்கொண்டதும் உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் கையால் தேய்த்தே போய்விடும். பெயிண்ட் கடைக்குப் போகும் முன் இதைச் சோதியுங்கள்.

பாலீஷ் போட்டால் பெயிண்ட் தேயும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒழுங்கான பாலீஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள லேக்கரைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பவர்கள் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டுக்கு மேல் எல்லா அடுக்கும் சேர்த்துப் பொதுவாக 90 முதல் 140 மைக்ரான் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் ஒரு தாளின் தடிமன்தான் அது. அதற்குள் துருத்தடுப்பு அடுக்கு சுமார் 20, ப்ரைமர் 30, நிறம் 15, மிச்சம் 35 முதல் 50 வரை லேக்கர். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அந்த லேக்கரில்தான் இருக்கிறது. லேசான ஒரு சுற்று பாலீஷ் 1 முதல் 3 மைக்ரான் எடுக்கும். கம்பளிப் பேடும் கடும் காம்பவுண்டும் (தேய்க்கப் போடும் பாலீஷ் பசை) 5 வரைகூட எடுக்கும். வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதற்கும் மேலே போகும். காரின் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 8 முதல் 10 மைக்ரானுக்கு மேல் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்குமேல் போன கார்களில் சில வருடங்களில் ரூஃபும் பானெட்டும் வெளுத்து, லேக்கர் தோல்தோலாக உரியத் தொடங்கும்.

ஆகவே கடைசிக் கோடு வரை துரத்தாதீர்கள். நூற்றில் எண்பது போனால் வெயிலில்கூடக் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். மீதி இருபதை எடுக்கத்தான் லேக்கரின் பெரும்பங்கு செலவாகும்.

தடிமனை அளக்க முடியுமா?

பெயிண்ட் மீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஒரு பேனலில் ஐந்து இடமாவது வையுங்கள். 90–140 வந்தால் ஒரிஜினல் பெயிண்ட். 200க்கு மேல் போனால் மறு பெயிண்ட் அடித்தது. 500, 1000 என்று ஓடினால் உள்ளே பட்டி இருக்கிறது. 80க்குக் கீழே வந்தால் ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்திருக்கலாம். அங்கே மிஷின் வைக்க வேண்டாம். மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், லேக்கரை மட்டும் பிரித்துச் சொல்லாது. எண் பெரிதாக இருப்பதால் லேக்கரும் தடிமன் என்று எண்ணி ஏமாறக் கூடாது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

ரோட்டரி மிஷினா, டிஏ மிஷினா?

டிங்கரிங் பட்டறைகளில் இருப்பது ரோட்டரி. பேட் ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், அதே வேகத்தில் சூடேற்றும். பழகிய கைக்கு அருமையான கருவி. பழகாத கையில் ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே லேக்கரை எரித்துவிடும். டிஏ என்பது சுற்றிக்கொண்டே அசையும் மிஷின். அசைவு 8, 15, 21 மி.மீ. என்று வரும். சூடு குறைவு, தடம் விடாது. வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு 15 மி.மீ. அசைவு, 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேடை ஒட்டும் தட்டு) உள்ள டிஏ போதும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரம், தூண் போன்ற இடங்களுக்கு 3 அங்குல பேட் தனியாக வேண்டும். ட்ரில் மிஷினில் மாட்டும் பேடுகளை வாங்க வேண்டாம். அதில் பேடைச் சமமாகப் பிடித்திருக்க முடியாது.

பேடும் காம்பவுண்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெட்டும் வலிமை மூன்று பொருளால் வருகிறது: பேட், காம்பவுண்ட், மிஷின். கம்பளி அதிகம் வெட்டும், அடுத்து மைக்ரோஃபைபர், பிறகு கடின ஃபோம், கடைசியில் மென்ஃபோம். காம்பவுண்டில் கட்டிங், மீடியம், ஃபினிஷிங் என்று மூன்று தரம். பேடின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு கடினம், இன்னொன்றின் ஆரஞ்சு மென்மை.

எப்போதும் மென்மையான ஜோடியிலிருந்து தொடங்குங்கள். பானெட்டில் 50 செ.மீ. சதுரத்தை டேப்பால் பிரித்து, மீடியம் ஃபோமும் ஃபினிஷிங் பாலீஷும் போட்டு ஒரு செட், அதாவது அந்தச் சதுரத்துக்குள் ஒரு முழுச் சுற்று, ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் காம்பவுண்டை ஒரு படி ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் பேடை. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சில கார்களின் லேக்கர் மென்மை, சிலவற்றில் கடினம். உள்ளூர் பெயிண்ட் பூத்தில் அடித்த ஃபெண்டர் ஒரு மாதிரி, பக்கத்துக் கதவு வேறு மாதிரி இருக்கும். அதனால் மறு பெயிண்ட் அடித்த ஒவ்வொரு பேனலுக்கும் தனி டெஸ்ட்.

பேட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் செய்வதுதான் பொதுவான தவறு. ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஒரு ஸ்டெப்புக்கு நாலு முதல் ஆறு பேட் வேண்டும். காம்பவுண்ட் 100 மில்லி அளவு போகும்.

மிஷினை எடுக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பிரஷர் வாஷ், பிறகு ஷாம்பு வாஷ். அதற்கடுத்து இரும்புத்தூள் நீக்கி. பிரேக் டஸ்ட்டும் ரயில் தண்டவாளத்துத் தூளும் பெயிண்டில் குத்தி நிற்கும். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தே இறங்கும் வண்டிகளின் சக்கரத்தையும் அதன் பின்புறக் கதவடியையும் பார்த்தால் தெரியும். நீக்கியைத் தெளித்து மூன்று, நாலு நிமிடத்தில் ஊதாவாக வழியும். காய விடாமல் கழுவுங்கள்.

பிறகு க்ளே, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. கையை ஒரு பாலிதீன் கவருக்குள் விட்டுப் பெயிண்டைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். அது போகும் வரை, ஷாம்புத் தண்ணீரையோ க்ளே லூப் என்ற வழுக்கும் திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். க்ளே தரையில் விழுந்தால் குப்பையில் போடுங்கள், துடைத்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சில்வர் ஓக் நிழலில் நிறுத்திய வண்டியில் ஒட்டியிருக்கும் மரப்பிசினை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஊறவைத்து எடுக்கலாம்.

கடைசியாக, கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ, கூர்மையான பாடி லைன் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். மடிப்பு விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் உட்காரும். எரிவது முதலில் அங்கேதான்.

படிப்படியாக ஒரு செட் எப்படி ஓட்டுவது?

புதுப் பேடில் முதலில் காம்பவுண்டை விரலால் பரவலாகத் தடவுங்கள். பிறகு ஒவ்வொரு செட்டுக்கும் பட்டாணி அளவில் நாலு துளி போதும். பேடைப் பெயிண்ட் மேல் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள், இல்லையென்றால் காம்பவுண்ட் சுவர் வரை தெறிக்கும். டிஏ மிஷினின் வேக எண்ணை 1 அல்லது 2ல் வைத்துப் பரப்பி, 4 முதல் 5க்கு ஏற்றுங்கள். ரோட்டரி என்றால் 1000 முதல் 1500 ஆர்பிஎம், அதற்குமேல் தேவையில்லை.

கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு, மூன்று செ.மீ. பலரும் இதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓட்டிவிட்டு, கீறல் போகவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை. இப்படி நாலு முதல் ஆறு பாஸ். அழுத்தம், மிஷின் எடையோடு லேசான கை பலம். பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு சுற்றுவது நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. கடைசி இரண்டு பாஸில் கையை இலகுவாக்குங்கள்.

செட் முடிந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபரால் துடையுங்கள். பிறகு ஆல்கஹால் 10–15 சதவீதம், மீதி ஆர்ஓ தண்ணீர் கலந்த கரைசலைத் தெளித்து இன்னொரு துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை போனால்தான் உண்மையான பெயிண்ட் தெரியும். ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் பேடை நைலான் பிரஷ்ஷாலோ கம்ப்ரஸர் காற்றாலோ சுத்தம் செய்யுங்கள். பேடில் தேங்குவது பழைய காம்பவுண்டும் செத்த லேக்கரும்தான், அது மறுபடி கோடு போடும்.

கேபிளைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றுங்கள்.

சேலத்து வெயிலில் என்ன செய்வது?

ஏப்ரல், மே மாதத்தில் வெயிலில் நின்ற கறுப்பு பானெட் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதில் காம்பவுண்ட் பரவும் முன்பே காய்ந்து மாவாகப் பறக்கும், பிறகு துடைத்தால் ஒட்டிக்கொள்ளும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடியுங்கள், அல்லது சாயங்காலம் செய்யுங்கள். கூரைக்குக் கீழேதான் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் என்றால் மத்தியானம் அங்கேயும் வேண்டாம். செட்டைச் சின்னதாக்கி 40 செ.மீ. சதுரமாகப் பிரியுங்கள். ஃபேனைப் பேனல் மேல் நேராக வைக்க வேண்டாம், தூசியைக் கொண்டுவரும்.

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். பனிமூட்டத்தில் பேனல் வியர்த்திருக்கும், காம்பவுண்ட் காயாமல் வழுக்கும். நன்றாகத் துடைத்துக் காய்ந்ததை உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள்.

ஓட்டும்போது புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெதுவெதுப்பு சரி. மூன்று நொடி கையை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கேயே தேக்கி வைக்கும்; அங்கே வேகத்தை ஒரு படி குறைக்க வேண்டும்.

பாலீஷ் போட்ட ஒரு மாதத்தில் கோடெல்லாம் திரும்பி வந்துவிட்டதே?

திரும்பி வரவில்லை, போகவே இல்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த பாலீஷ் கீறலுக்குள் உட்கார்ந்து அன்றைக்கு மறைத்திருக்கும். நாலைந்து வாஷில் அது கரைந்ததும் பழைய கோடு தெரியும். கடையில் வண்டியை எடுக்கும் முன், ஒரு இடத்தில் ஆல்கஹால் கரைசலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர்கள் தயங்க மாட்டார்கள்.

வெயிலில் பார்த்தால் நிழல்போல வளைவான பட்டைகள் கூடவே நகர்ந்தால், அது ரோட்டரி விட்ட ஹோலோகிராம் தடம். டிஏ மிஷினில் மென்ஃபோம் போட்டு ஃபினிஷிங் பாலீஷ் ஒரு சுற்று ஓட்டினால் போய்விடும். எங்கும் மங்கலாகப் புகைபோல இருந்தால், கட்டிங் முடித்தவர் ஃபினிஷிங் செய்யவில்லை என்று பொருள்.

பேடில் காரின் நிறம் ஒட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களில் லேக்கர் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட் இருக்கும். அதில் நிறம் வருவது இயல்பு. மெட்டாலிக் காரில் நிறம் வந்தால் லேக்கர் முடிந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள். அந்தப் பேனலுக்கு இனி பெயிண்ட் பூத்துதான். மேட் ஃபினிஷ் காரில் பாலீஷே கூடாது, பளபளப்புத் திட்டு விழும், திரும்ப மேட் ஆகாது.

நகம் லேசாகத் தட்டும் கீறலுக்கு வாட்டர் பேப்பர் போடலாமா?

மீட்டரில் 110க்கு மேல் காட்டினால், ஒரே ஒரு இடத்தில் போடலாம். 3000 கிரிட்டில் (எண் கூடினால் பேப்பர் நைஸ்) தொடங்குங்கள், தேவைப்பட்டால் மட்டும் 2000. பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான ரப்பர் கட்டையில் சுற்றி, பத்துப் பதினைந்து இழுப்பு. துடைத்துப் பாருங்கள். கீறலின் ஓரங்கள் மழுங்கினாலே வெளிச்சம் பட்டால் மின்னாது, அது போதும். 2000 போட்ட இடத்தை 3000ஆல் மறுபடி தேய்த்த பிறகே கட்டிங் காம்பவுண்ட். மடிப்பிலும் விளிம்பிலும் பேப்பர் வேண்டாம்.

போர் தண்ணீரின் வெள்ளைக் கறை பாலீஷில் போகுமா?

கறை இரண்டு வகை. மேலே உப்பாகப் படிந்தது, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் வைத்தால் கரையும். உடனே கழுவ வேண்டும். வெயிலில் சுட்டு லேக்கரை அரித்து வட்டக்குழி விழுந்தது, பாலீஷில்தான் குறையும். பறவை எச்சத்தின் அமிலமும் இதே வேலையைச் செய்யும். வெயில் நாளில் சில மணி நேரமே போதும்.

ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லது. ஆனால் அதில் உப்பு போர் தண்ணீரைவிடச் செறிவு. செடிக்கும் வேண்டாம், காருக்கும் வேண்டாம். தரை கழுவப் பயன்படுத்துங்கள். காருக்கு மேட்டூர் காவிரித் தண்ணீர் கிடைத்தால் அது. போர் தண்ணீர்தான் வழி என்றால் நிழலில் கழுவி, கடைசியாக ஐந்து லிட்டர் நல்ல ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து ஊற்றி, காயும் முன் துடைத்துவிடுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் இனிமேல் கீறலே விழாதா?

விழும். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல், கனிமங்களின் மோஸ் அளவுகோல் இல்லை. மணல் அதையும் கீறும். செராமிக் தரும் நன்மை வேறு: தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கும், கழுவுவது எளிது, எச்சத்துக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் தாங்கும். கீறலின் மேலேயே கோட்டிங் போட்டால் கீறல் அதற்குள் பூட்டிக்கொள்ளும். அதனால் பாலீஷ் முதலில். புதிதாக மறு பெயிண்ட் அடித்த பேனலுக்கு வாக்ஸோ கோட்டிங்கோ போடும் முன் குறைந்தது 30 நாள் பொறுங்கள், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

பாலீஷ் முடிந்த பிறகு எப்படிக் கழுவுவது? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பாலீஷ் போடலாம்?

இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள். மைக்ரோஃபைபர் மிட்டால் (கழுவும் கையுறை) ரூஃபில் தொடங்கிக் கீழ்நோக்கி, நேர்க்கோட்டில். ஒவ்வொரு பேனலுக்கும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசிப் பிறகே ஷாம்புவில் நனையுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், அது வாக்ஸைக் கழற்றிவிடும். துடைக்கத் தடிமனான டவலை விரித்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நேரமில்லாத நாளில் தூசியோடு விட்டுவிடுங்கள். தூசி படிந்த கார் அழுக்காகத் தெரியும், அவ்வளவுதான். காய்ந்த துணியால் தேய்த்த கார் கீறலோடு நிற்கும்.

இப்படிப் பராமரித்தால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மென்ஃபோமில் ஒரு லேசான சுற்று போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பிங் போடும் பேக்கேஜை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது "வாஷும் வேண்டாம், பாலீஷும் வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.